ஊதக் கூடாத மைக்

மைக்கைக் கண்டதும் ஊதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இதைச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். எங்கள் கடலூர்ப் பக்கம் ஊதாமல் மைக்கில் பேசுகிறவர் யார்? கட்சிக்காரர் ‘ஃபூ ஃபூ’ என்று இரண்டு ஊதுவார். மாதா கோயிலில் பூசை வைக்கிற சாமியார் விரலால் தட்டிவிட்டு, அது போதாது என்று ஒரு ஊதும் ஊதுவார். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பாட வருகிற பிள்ளைகூட ஸ்டாண்டை வாய்க்கு நேராக இழுத்து ஊதிப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிக்கும். மைக்குக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க எங்களுக்குத் தெரிந்தது அந்த ஒரு வழிதான். இப்போது வருகிற மைக்குகள் அதைத் தாங்கிக்கொள்ளும். தாங்காத ரகம் ஒன்று பழைய காலத்தில் இருந்தது. அதில் ஒன்றைச் சரிசெய்யக் கிளம்பித்தான் நான் பட்டேன்.

நான் ரேடியோ மெக்கானிக் இல்லை. சிதம்பரத்தில் பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்குப் போகிற வழியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கழன்ற திருகை முடுக்குவது, வளைந்த பிரேமை நிமிர்த்துவது, காலேஜ் பிள்ளைகள் மேலே உட்கார்ந்து உடைத்ததைத் தேற்றிக் கொடுப்பது என்று பொழுது போகும். பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் எது கையில் கிடைத்தாலும் பிரித்துப் பார்ப்பது என்னுடைய பைத்தியம். பிரித்ததில் பாதி இன்னும் அட்டைப்பெட்டியில்தான் கிடக்கிறது. சின்னத் திருகை முடுக்கத் தெரிந்தவனுக்கு உலகத்தில் எதையும் சரிபண்ணிவிடலாம் என்று ஒரு திமிர் வந்துவிடும். எனக்கும் வந்திருந்தது.

அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். மஞ்சக்குப்பத்தில் வீடு. அறிவிப்புச் சொல்வது தொழில். ஆட்டோவின் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு கடலூர் முழுக்கச் சுற்றுவார். துணிக்கடைத் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், மைதானத்தில் பொருட்காட்சி, மாதா கோயில் தேர்பவனி, யார் வீட்டிலாவது சாவு, எல்லாம் அவர் குரலில்தான் ஊருக்குப் போய்ச் சேரும்.

“நல்லதுக்கும் என்னத்தான் கூப்புடுறான், கெட்டதுக்கும் என்னத்தான் கூப்புடுறான். நடுவுல ஒருத்தனும் டீக்குக் கூப்புட மாட்றான்” என்பார்.

கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளையும் பெண்ணும் மண்டபத்துக்குள் வரும்போது மைக்கைப் பிடிப்பது அவருக்கு மிகவும் பிடித்த வேலை. அவர் ‘வருக வருக’ என்று இழுத்தால் பந்தியில் உட்கார்ந்தவன் கையில் எடுத்த சோற்றை வாயில் போடாமல் திரும்பிப் பார்ப்பான். அவருக்கு ஒரே மகள். அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே, அடுத்தவர் கல்யாணத்தில் பேசும்போது நல்ல வரி ஒன்று தோன்றினால் அதைச் சொல்ல மாட்டார். “இது எம் பொண்ணுக்கு” என்று உள்ளே வைத்துக்கொள்வார். அப்படிச் சேர்த்து வைத்ததெல்லாம் நெஞ்சுக்குள்தான் இருந்தது.

அவளுக்கு நிச்சயமும் ஆயிற்று. மாப்பிள்ளை துபாயில் வேலை, லீவு கிடைத்தால்தான் கல்யாணம். அந்தச் சமயத்தில்தான் மாமாவின் தொண்டை கட்டிக்கொண்டது. கத்திக் கத்திப் பிழைக்கிற மனிதருக்குத் தொண்டை கட்டுவது புதிதா? பனங்கற்கண்டு, மிளகு, வெந்நீர் என்று அக்கா பார்த்தாள். இறங்கவில்லை. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனபோது குரல்வளையில் கட்டி என்றார்கள், கெட்ட கட்டி. குரல்வளையையே எடுத்தால்தான் உயிர் தங்கும், கழுத்தில் துளை போட்டு இனி அதன் வழியாகத்தான் மூச்சு, தள்ளிப்போட முடியாது என்றார் டாக்டர். கல்யாணமோ ஆபரேஷனுக்குப் பிறகுதான் வருகிறது. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் மாமா சொன்ன முதல் வார்த்தை, “அப்ப எம் பொண்ண யாரு மச்சான் மேடைக்குக் கூப்புடுவா?”

முன்னாடியே பேசிப் பதிவு பண்ணி வைத்துவிடலாம் என்று யோசனை சொன்னது அக்கா மகள்தான். அப்பாவை உட்கார வைத்துத் தன் போனில் கொஞ்சம் பேசச் சொல்லி எடுத்தாள். போட்டுக் கேட்டார். முகம் இறுகிவிட்டது.

“கொட்டாங்கச்சிய தரையில தேய்க்கிற மாதிரி இருக்கு. கல்யாணத்துல இதப் போட்டா சாபம் குடுக்குறான்னு நெனப்பான். அழிச்சிடு.”

நாங்கள் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பரணில் ஏறச் சொல்லி, கோணியில் சுற்றிய பொருள் ஒன்றை இறக்கச் செய்து என் மடியில் வைத்தார். ஒரு பழைய மைக். முழங்கை நீளம், இரும்புக் கனம், முன்னாலும் பின்னாலும் துருப்பிடித்த வலை.

மாமா இளவட்டமாக இருந்தபோது மஞ்சக்குப்பத்து மைக்செட் கடை ஒன்றில் வேலை பார்த்தார். அந்தக் கடை முதலாளி திருவிழாப் பாட்டுக்காரர்களுக்கு மட்டும் கொடுக்கிற மைக் இது. அறிவிப்புச் சொல்கிறவன் தொடக்கூடாது. ஒரு திருவிழாவில் மாமாவுக்குச் சளியால் தொண்டை கம்மிப்போக, முதலாளி இரக்கப்பட்டு இதைக் கொடுத்தாராம், தடித்த டவல் ஒன்றைச் சுற்றி. டவல் எதற்கு என்று மாமா கேட்கவில்லை. கம்மின தொண்டை அன்றைக்கு வெல்லப்பாகு மாதிரி ஒலித்ததாம். கடையை மூடியபோது செத்துப்போன மைக்காக அது மாமாவிடம் வந்தது.

“இதுல பேசுனா எந்தத் தொண்டையும் தொண்டையாட்டம் கேக்கும். உயிர் குடுத்துக் கொண்டா மச்சான், பேசறேன். இல்லன்னா வேணாம், வுட்டுடு.”

அவர் சொன்னது வெறும் பிடிவாதம் இல்லை. இந்த மைக்கின் சுபாவமே அது. உள்ளே பலத்த காந்தம், அதன் இரண்டு முனைகளுக்கு நடுவே சுருக்கம் சுருக்கமாக மடித்த அலுமினிய ரிப்பன் ஒன்று தொளதொளவென்று தொங்கும். வெங்காயத்தின் உள்சவ்வு அதைவிடக் கனம். பேச்சின் காற்று பட்டு ரிப்பன் அசைந்தால் மின்சாரம் பிறக்கும். குரலில் இருக்கிற கரகரப்பை அது அவ்வளவாக எடுத்துக்கொள்ளாது, அடிக்குரலின் குழைவை விடாமல் பிடிக்கும். ஒரே ஒரு ஊது போதும், அறுந்துவிடும். மாமா கையில் வந்தது எப்படிச் செத்தது என்று கேட்க வேண்டியதே இல்லை.

பழுதுபார்க்க ஆள் தேடினேன். சென்னையில் விசாரித்தால் வெளிநாட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். மாமாவிடம் மாதங்கள் இல்லை. நானே செய்வது என்று துணிந்தேன். இன்டர்நெட்டில் ஆயிரம் பேர் சிரித்த முகத்தோடு செய்து காட்டுகிறார்கள். பார்க்கிறபோது பூத்தொடுப்பது போலத்தான் இருந்தது.

வலையைக் கழற்றியதும் முதல் அடி. காந்தத்தின் இடுக்கு முழுக்கக் கறுப்பு மண். எங்கள் கடற்கரை மணலில் காந்தத்தைப் புரட்டினால் மயிர்போல ஒட்டிக்கொண்டு வருமே, அந்தக் கறுப்புப் பொடி. தேவனாம்பட்டினம் மணலில் எத்தனை மேடை பார்த்ததோ, அத்தனை மேடையின் மண்ணும் உள்ளே இருந்தது. தட்டினால் விழாது, துடைத்தால் இடம் மாறும், காந்தம் விடாது. பிள்ளைகள் விளையாடுகிற களிமண்ணை உருட்டி ஒற்றி ஒற்றி எடுத்தேன். முடிந்தது என்று நினைத்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் இன்னும் இரண்டு துகள் சிரித்துக்கொண்டிருக்கும்.

அடுத்தது ரிப்பன். ஓட்டலில் பரோட்டா சுற்றித் தருகிற ஃபாயிலை வெட்டி மாட்டினேன். பானைக்குள் தலையை விட்டுப் பேசியதுபோல இருந்தது, அவ்வளவு விறைப்பு. ஸ்வீட் கடையில் இனிப்பின் மேல் ஒட்டுகிற வெள்ளித்தாளை வாங்கி வந்தேன். விரல் பட்டதும் பொடியாகி விரலிலேயே பூசிக்கொண்டது. கடைசியில் ஆன்லைனில் சரியான தகடு வந்தது, இரண்டு காகிதத்துக்கு நடுவே உள்ளங்கை அளவில். அதை வெட்டுவதற்குக் கண்ணாடி மேல் வைத்து, புது பிளேடால் ஒரே இழுப்பு இழுக்க வேண்டும். ஃபேன் போடக்கூடாது. சிதம்பரத்து வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு வியர்வை சொட்டாமல் வேலை செய்து பார்த்தால்தான் தெரியும். கதவுக்கு வெளியே நின்று என் மனைவி, “நான் மூச்சு வுடலாமா, அதுவும் கூடாதா?” என்று கேட்பாள். அவள் கேட்ட காற்றிலேயே ஒரு ரிப்பன் பறந்து போயிற்று.

வெட்டினதைச் சுருக்கம் வைக்க, பழைய டேப் ரெக்கார்டரிலிருந்து எடுத்த இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே உருட்டினேன். நான்கில் மூன்று கிழிந்தது. கிழியாததை மாட்டும்போது, கடையில் பழகிய கை, இரும்பு ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிவிட்டது. காந்தம் அதைப் பிடுங்கிக்கொண்டு ரிப்பனைக் குத்திக் கிழித்தது. கண்ணாடிக் கடையில் இருக்கிற ஆயுதம் எல்லாமே இரும்புதான். மூங்கில் குச்சியைச் சீவி இடுக்கி செய்துகொண்டேன். ரிப்பன் இந்தப் பக்கம் உரசும், நகர்த்தினால் அந்தப் பக்கம் உரசும். இழுத்துக் கட்டினால் கீச்சென்று ஒலிக்கும், தளர்த்தினால் தொங்கி ஒட்டிக்கொள்ளும். நடுவில் மாமா போன் பண்ணுவார்.

“என்னாச்சு மச்சான்?”

ஒவ்வொரு தடவையும் அந்தக் குரல் இன்னும் கொஞ்சம் தேய்ந்திருக்கும். எனக்கு மைக்கின் மேல் வந்த கோபம் போதாமல், சிரித்துக்கொண்டு செய்து காட்டிய அந்த ஆயிரம் பேர் மேலும் வந்தது. ஒரு நாள் எல்லாவற்றையும் வாரிக் குப்பையில் போடக் கையில் எடுத்தேன். போடவில்லை. போட்டிருந்தால் அவரும் போனில் பேசியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாள் நெருங்கியபோது ஒரு ரிப்பன் சரியாக உட்கார்ந்தது. எப்படி என்று எனக்கே தெரியாது. ஒயரை மாட்டி ஹெட்போனைப் போட்டேன். முதலில் கேட்டது அடுக்களையில் மனைவி முறத்தில் அரிசி புடைக்கிற சத்தம். ஒவ்வொரு அரிசியும் தனித்தனியாக விழுந்தது. பிறகு நான் பேசிப் பார்த்தேன். என் குரலே எனக்குப் பிடித்துப் போனது, வாழ்க்கையில் முதல் தடவையாக. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாமாவுக்குப் போன் போட்டு, “நாளைக்கு வர்றேன்” என்றேன்.

கடலூர் பஸ்ஸில் அதை மடியில் நிமிர்த்தி, துணி சுற்றி, குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு போனேன். படுக்கப்போட்டால் ரிப்பன் தொய்ந்துவிடும். பக்கத்து சீட்டுக்காரர், “மாதா சுரூபங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் ஜன்னலைக் கொஞ்சம் சாத்திவிட்டு மரியாதையாக நகர்ந்து உட்கார்ந்தார்.

மாமா சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக இருந்தார். மறுநாள் காலை பாண்டிச்சேரிக்குப் போக வேண்டும், பை கட்டிக் கதவோரம் வைத்திருந்தது. உள்ளறையின் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தினோம். பக்கத்தில் போன் இருந்தால் இந்த மைக் ‘டிடிடி’ என்று இரைச்சல் பிடிக்கும், அதனால் எல்லார் போனையும் வாங்கி வாசல்பக்கம் கொண்டு வைத்தேன். மாமாவுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. மகள் திருட்டுத்தனமாக எடுத்துவிடுவாள் என்று அவருக்குச் சந்தேகம்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு முழம் தள்ளி உட்காரணும். தட்டக் கூடாது. ஊதவே கூடாது.

“ஊத மாட்டேன் மச்சான், கொழந்தயா நானு?” என்றார். சத்தியம் பண்ணுகிற மாதிரித் தலையாட்டினார். அதையும் நம்பாமல், பூவேலை செய்கிற வளையத்தில் நைலான் துணியை இழுத்துக் கட்டி மைக்குக்கு முன்னால் நிறுத்தியிருந்தேன்.

பதிவுக் கருவியை ஓடவிட்டு, ஹெட்போனைப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்துக் கையைக் காட்டினேன். செருமினார். நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். முகத்துக்கு முன்னால் இருந்த வளையத்தை, மேடையில் மாலையை ஒதுக்குவாரே, அப்படி ஒரு கையால் ஒதுக்கினார். குனிந்தார். நாற்பது வருஷப் பழக்கம் அவர் உதட்டைக் குவித்தது.

ஃபூ.

காதில் இடி விழுந்தது. அப்புறம் வெறும் ‘உம்’ என்று இரைச்சல். ஒயர் கழன்றுவிட்டதோ, வால்யூம் குமிழ் இறங்கிவிட்டதோ என்று குனிந்து தடவிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணை மூடிப் பேச ஆரம்பித்துவிட்டார். சின்னப் பேச்சுதான். நான் ஹெட்போனைக் கழற்றியபோது கடைசி வரி வந்துவிட்டது.

“பெரியோர்களே, எத்தனையோ வீட்டுப் பெண்களை மைக்கில் வருக வருக என்று அழைத்திருக்கிறேன். இன்றைக்கு மட்டும், போய் வா மகளே என்று சொல்ல நிற்கிறேன்.”

கரகரப்பான குரல்தான். ஆனால் உடையவில்லை. அக்கா சேலைத்தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். மகள் அசையாமல் நின்றாள். மாமா கண்ணைத் திறந்தார்.

“வந்துச்சா மச்சான்?”

“வரல மாமா.”

மைக்கைப் பார்த்தார். ஒதுக்கி வைத்த வளையத்தைப் பார்த்தார்.

“ஊதிட்டனா?”

“ம்.”

வளையத்தை எடுத்துப் பழைய இடத்திலேயே நிறுத்தினார். பிறகு சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. “தவள தன் வாயால கெட்டுச்சு, போ” என்றார்.

மகள் ஓடிப்போய்ப் போனை எடுத்து வந்தாள். “எப்படி இருந்தாலும் பரவால்லப்பா, பேசுப்பா” என்று கெஞ்சினாள். இந்தத் தடவை அவர் மறுக்கவில்லை. ‘பெரியோர்களே’ என்றார். பாதி வார்த்தைதான் வந்தது, மீதி காற்று. தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினார், அதுவும் வரவில்லை. அக்கா மிளகைத் தட்டிக் கொடுத்தாள். அன்று முழுக்க அந்தத் தொண்டை திறக்கவே இல்லை. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை என்று சொல்வார்கள். எங்களுக்குத் தாழியும் போய் வெண்ணெயும் போயிற்று. மறுநாள் காலை பாண்டிச்சேரிக்குப் போனோம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உயிர் தங்கியது, அதற்கு மாதாவுக்கு மெழுகுத்திரி ஏற்றினோம். அதற்குமேல் சந்தோஷப்பட என்னால் முடியவில்லை. கழுத்துத் துளைக்கு மேல் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, சொல்ல வேண்டியதைப் போனில் எழுதிக் காட்டினார். கல்யாணத்துக்கு வேறொரு அறிவிப்பாளரை வைத்தோம். மாமாவின் வரிகளை அக்கா ஞாபகமாகச் சொல்ல, அந்த அறிவிப்பாளரைவிட்டே படிக்கச் சொல்லலாம் என்றார்கள். மாமா இரண்டு கையையும் ஆட்டி வேண்டாம் என்றுவிட்டார். அந்த ஆள் மைக்கை ஊதிப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் சொல்கிற ‘வருக வருக’வைச் சொன்னார். மாமா முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். பெண் துபாய்க்குப் போய்விட்டாள்.

அந்த மைக்குக்கு மறுபடி ரிப்பன் மாட்டினேன். மீதித் தகடு இருந்தது, கையும் பழகியிருந்தது. இந்தத் தடவை முதல் முயற்சியிலேயே உட்கார்ந்தது. அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

போன மாதம் மாமா கடைக்கு வந்தார். எந்நேரமும் எழுதுவதும் படிப்பதுமாக ஆகிவிட்டதால் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. சோதித்து முடித்துத் திரும்பினால், உள்ளே மேஜையில் இருந்த மைக்குக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறார். சரியாகிவிட்டதா என்று கண்ணாலேயே கேட்டார். நான் ஒயரை மாட்டி ஹெட்போனைப் போட்டுக்கொண்டேன். ரோட்டில் பஸ் ஹாரன், ஃபேன் சுற்றுகிற சத்தம், அவர் சட்டை நாற்காலியில் உரசுவது எல்லாம் கேட்டது.

அவர் குனிந்தார். உதட்டைக் குவித்தார். நான் எழுந்துகூடத் தடுக்கவில்லை. கன்னம் உப்பியது. ஒன்றும் வரவில்லை. காற்று கழுத்து வழியாகப் போய், துணி லேசாகத் தூக்கி அடங்கியது. டீயை ஊதிக் குடிக்க முடியாது என்பது வீட்டில் அவருக்குப் பழகிப்போன விஷயம்தான். மைக்குக்கு முன்னால் அது ஞாபகம் வரவில்லை.

ஊதிவிட்டு எப்போதும் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார், சத்தம் வந்ததா என்று. கையை மல்லாத்தி, இன்னும் உயிர் வரவில்லையா என்று சைகையில் கேட்டார்.

“மைக் நல்லாத்தான் இருக்கு மாமா” என்றேன்.

அவர் கை மெல்ல எழுந்து கழுத்துத் துணியைத் தொட்டது. விரல் அதில் உரசுகிற சத்தம் ஹெட்போனில் தெளிவாகக் கேட்டது.